திரைக்குப் பின்னால் பாட மறுத்த மதினி

2023 மே 12, வெள்ளிக்கிழமை, மாலை ஆறு நாற்பது. மேற்கு மலையில் மின்னல் வெட்டியது; ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சொட்டு மழை இல்லை, ஒரே புழுக்கம். ஒரு தெருக் கோயிலின் சித்திரைப் பொங்கல் விழாவுக்கு ராஜபாளையத்திலிருந்து எங்கள் இசைக்குழு போயிருந்தது. எட்டு வாத்தியக்காரர்கள், பாடகியான என் மதினி, பாங்கோஸ் தட்டும் நான். நான் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். சாக்ஸபோன் வாசித்த அண்ணன், மதினியின் கணவர், இறந்து நாற்பத்துமூன்று நாள் ஆகியிருந்தது.

மதினி முப்பத்தெட்டு ஆண்டுகளாகப் பாடியவர். பெண் குரல், ஆண் குரல், மழலைக் குரல் என்று மூன்று. சொல்லே இல்லாமல் டிரம்பெட்டோடு போட்டி போட்டு இழுப்பது நான்காவது. ஆண் பாடகர் வராத நாள்களில் ஜோடிப் பாட்டின் இரண்டு பக்கத்தையும் அவரே பாடிவிடுவார்.

விழாச் செயலாளர் மேடைப் படியருகே வந்து, முதல் சாமி பாட்டைத் தாலி இறங்கியவர் பாடக்கூடாது, இரண்டாவதிலிருந்து பாடட்டும் என்றார். நான் பயந்தவன். உடனே ஒரு வழி சொன்னேன்: மதினி திரைக்குப் பின்னால் நின்று ஆண் குரலில் பாட, கீபோர்டுக்காரர் முன்னால் வாயசைக்கட்டும். செயலாளர் அதற்குச் சம்மதித்தார். மதினி கண்ணில் படாமல் இருந்தால் அவருக்குப் போதும்.

மதினி என்னைப் பார்த்தார்.

“கொழுந்தனாரே, எந்தக் கொரல்ல வேணாலும் பாடுதேன். ஒளிஞ்சு நின்னு பாட மாட்டேன். ஒங்க அண்ணன் போனதுக்கு நானா தப்பு செஞ்சேன்?”

“அப்பம் ஒத்த ரூவா கெடையாது, சொல்லிட்டேன்” என்றார் செயலாளர்.

“அதெ இவியகிட்டச் சொல்லுங்க. பணம் எண்ணுறது இவியதான்” என்று மதினி என்னைக் கைகாட்டினார்.

சொல்லிவிட்டு மேடை நடுவில் போய் நின்று, சொந்தக் குரலில் பிள்ளையார் பாட்டைத் தொடங்கினார். மூன்றாவது வரியில் மைக் செட்டை அணைக்கச் சொன்னார்கள். கீபோர்டு செத்தது, கிட்டார் செத்தது. இரண்டு டிரம்பெட்டுக்கும் டிராம்போனுக்கும் மின்சாரம் எதற்கு? என் பாங்கோஸுக்கும் தேவையில்லை. தாளம் தப்பாமல் தட்டினேன். கடைசி வரிசைப் பெண்கள் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு அருகே வந்து உட்கார்ந்தார்கள். இருபத்தாறு பேர், எண்ணினேன். அவர்களுக்காக மதினி பதினான்கு பாட்டு பாடினார், மைக் இல்லாமலே.

இதைத் திமிர் என்று உறவில் சிலர் இன்றும் சொல்கிறார்கள். திமிர்தான். அன்று திரையை யோசித்தது நான் என்பதையும் அவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

செயலாளர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வாத்தியக்காரர் எட்டுப் பேருக்குத் தலைக்கு ஆயிரத்து எண்ணூறு, வேனுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு, டிரைவரையும் சேர்த்துப் பதினொரு டீ நூற்றுமுப்பத்திரண்டு. என் பென்ஷனிலிருந்து கொடுத்தேன்: பதினேழாயிரத்து முப்பத்திரண்டு ரூபாய்.