தையல் போடாத ஆபரேஷன்

ஜவுளிக் கடையில் வாடிக்கையாளருக்கு நாற்காலி உண்டு, சேலைக்கு அலமாரி உண்டு, விற்கிறவனுக்குக் கால்கள் மட்டும்தான். என்னைப்போல் கடையில் நின்றே பிழைக்கும் உங்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டாயிரத்துப் பத்து வாக்கில், காரைக்குடிக் கடையொன்றில் பட்டுப் பிரிவில் நிற்கும்போது நடந்தவை இவை.

ஒட்டுமா?

தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி கல்யாணச் சேலை எடுக்க வந்திருந்தார். மேல்தட்டுச் சேலைக்காக நான் எக்கியபோது வேட்டி விலகி, வலது கெண்டைக்காலில் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்த நரம்பு தெரிந்துவிட்டது. ஆச்சி மடியிலிருந்த சேலையைக் கீழே வைத்தார். வெறும் நரம்புச் சுருட்டல்தான், யாருக்கும் ஒட்டாது என்றேன். தலையாட்டினார். பிறகு முதலாளி பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "சேலை பிடிச்சிருக்கு. எடுத்துக் காட்ட மட்டும் வேற ஆளை விடுங்க."

ஊசித் துளை

கணுக்கால் கறுத்து அரிக்கத் தொடங்கியதும் மதுரைக்குப் போனேன். புதிதாக லேசர் வந்திருக்கிறது என்றார் டாக்டர். ஊசித் துளை வழியே மெல்லிய இழையை நரம்புக்குள் விட்டு, உள்ளிருந்தே சூடு வைத்து மூடிவிடலாமாம். அன்றே நடந்து வீட்டுக்குப் போகலாமாம். இவ்வளவு சுலபமாக இருக்கிறதே என்று எனக்கு உறுத்தியது. திரும்ப வராதா என்று கேட்டேன்.

இந்த நரம்பு மூடிக்கொள்ளும், ஆனால் நாள் முழுக்க நின்றால் வேறொன்று புடைக்கலாம் என்றார். இறுக்கமான காலுறை போட வேண்டும், நடக்க வேண்டும், நடுநடுவே உட்கார்ந்து காலைத் தூக்கி வைக்க வேண்டும். என் வேலையைச் சொன்னேன். எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "கடையில உட்கார விடுவாங்களா?"

சாட்சி

லேசர் வைத்துக்கொண்டு, விடுப்பு முடிந்து கடைக்குப் போனேன். முதலாளி காலைக் காட்டச் சொன்னார். காலுறையை உருட்டி இறக்கினேன். லேசான கன்றல், ஒரு புள்ளி. "இதுக்கா மதுரை வரைக்கும் போனீக?" என்றார். அவர் நம்பாததுகூடப் பரவாயில்லை. ஊசி போட்டு மரத்துக் கிடந்த காலில் டாக்டர் என்னதான் செய்தார், ஏதாவது செய்தாரா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

பக்கத்துப் பிரிவு சவரிமுத்து குடல்வால் ஆபரேஷன் செய்துகொண்டவர். தன் தழும்பைத் தடவியபடி சொன்னார்: "ஒரு தையலாவது கேட்டு வாங்கிட்டு வந்திருக்கக் கூடாதாண்ணே?"

முக்காலி

கூட்டமில்லாத நேரத்தில் உட்கார ஒரு முக்காலி கேட்டேன். கேட்கும்போது குரல் ஏன் அப்படிக் குழைந்தது என்று இன்னும் யோசிக்கிறேன். முதலாளி ஒப்புக்கொண்டார். நான் உட்கார்ந்தே பழகிவிடுவேனோ என்று அவருக்குச் சந்தேகம்; எப்போது பிடுங்குவாரோ என்று எனக்கு.

ஒரு மத்தியானம் முதலாளி சாப்பிடப் போயிருந்தார். ஒக்கூர்க்காரர் ஒருவர் நேரே என்னிடம் வந்து கும்பிட்டு, நான் எழுவதற்குள் விலை பேச ஆரம்பித்துவிட்டார். அந்நேரம் பார்த்து முதலாளி திரும்பி வந்து பக்கத்தில் நின்றார். ஒக்கூர்க்காரர் அவரிடம், "முதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன், நீங்க சேலையை மடிச்சு வைங்க" என்றார்.

மறுநாள் முக்காலியைக் காணோம். கேட்டேன். முதலாளி கோபப்படவில்லை. "உட்கார்ந்தா நீங்க முதலாளி மாதிரி இருக்கீக. அது நம்ம ரெண்டு பேருக்குமே நல்லதில்ல."

லேசர் வைத்த வலது கால் இன்றுவரை நன்றாகவே இருக்கிறது, நரம்பு புடைப்பது இடது காலில், ஆகவே இப்போது லேசரைக்கூடச் சந்தேகப்பட முடியாமல் நின்றுகொண்டிருக்கிறேன்.