கொலுமண்டபத்தில் கழற்றிய தொப்பி

விடியற்காலை ஐந்து மணிக்கு நானும் அப்பாவும், அவர் கூலி வேலை செய்யும் மாத்தளைக் காப்பித் தோட்டத்திலிருந்து புறப்பட்டோம். கண்டிக்குப் பதினாறு மைல். மாட்டு வண்டியில் ஆளுக்கு அரை ரூபா. வழி நெடுகச் சரிவுகளில் காப்பி வெள்ளையாகப் பூத்திருந்தது. அப்பா ஒருமுறைகூடத் தலைதூக்கிப் பார்க்கவில்லை.

என் அண்ணன் முத்தையா காப்பி மூட்டை ஏற்றும் வண்டிக்காரன். எங்கள் பகுதி வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் தம் கூடாரச் சாமான்களை ஏற்றச் சொன்னபோது, பாதி வழியில் மூட்டைகளை இறக்க முடியாதென்று மறுத்துவிட்டான். வழக்கு எதுவுமின்றி ஒன்பது நாளாக அவனை அடைத்து வைத்திருந்தார்கள். கண்டிக்கு வந்திருந்த பெரிய நீதிபதிக்கு நான் மனு எழுதினேன். எங்கள் குடும்பத்தில் எழுதத் தெரிந்த முதல் ஆள் நான். மனுவை மிஷன் பள்ளியில் கற்ற ஆங்கிலத்திலேயே எழுதினேன். அண்ணனை இன்று கண்டிக்குக் கொண்டுவந்து நிறுத்தி, அடைத்ததற்குக் காரணம் சொல்லும்படி அதிகாரிக்கு உத்தரவு போயிருந்தது.

அக்குறணையில் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டும்போது நானா என்று எல்லாரும் அழைக்கும் முஸ்லிம் வண்டிக்காரர் சிரித்தார்.

"ஒரு தொரைய பத்தி இன்னொரு தொரைக்கிட்ட மனுவா? ரெண்டு பேரும் ஒரே மேசைல திங்கிறவங்க, தங்கச்சி."

"நானும் அதத்தான் சொன்னேன். படிச்ச புள்ள, கேட்டாத்தானே" என்றார் அப்பா.

பதினொரு மணிக்குக் கண்டிக் குளத்தருகே இறங்கினோம். ஒரு குதிரை வண்டி வந்து நின்றது. அந்த அதிகாரி இறங்கினார். பின்னாலேயே, அவரோடு பேசிச் சிரித்தபடி, அங்கியணிந்த நீதிபதி. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

கண்டி அரசர்கள் கொலுவிருந்த மண்டபத்தில்தான் நீதிமன்றம் நடக்கிறது. சுவரே இல்லை, செதுக்கிய மரத்தூண்கள் வரிசை வரிசையாகக் கூரையைத் தாங்குகின்றன. ஒரு காலத்தில் சட்டம், தீர்ப்பு, தண்டனை எல்லாம் இங்கே ஒரே வாயிலிருந்து வந்தன.

நண்பகலில் அண்ணனை நிறுத்தினார்கள். அதிகாரி உட்காரக் கதிரை போடவில்லை.

"எந்தச் சட்டத்தின்படி அடைத்தீர்கள்?" என்று நீதிபதி ஆங்கிலத்தில் கேட்டார்.

அதிகாரி கழற்றிப் பிடித்திருந்த தொப்பி அவர் கையில் சுழன்றது.

"இவனை இப்போதே விடுங்கள்" என்றார் நீதிபதி.

அப்பாவுக்கு ஆங்கிலம் புரியாது. அந்தத் தொப்பி புரிந்தது. கைகூப்பி முன்னால் ஓடினார்.

"சாமி, அந்தத் தொரைய வேலைய விட்டே தூக்கிருங்க! கேட்டவொடன வண்டி குடுக்கணும்னு சட்டம் இருந்தா அதையும் கிழிச்சுப் போடுங்க!"

மொழிபெயர்ப்பவர் யாழ்ப்பாணத்துக்காரர். நீதிபதியின் பதிலைக் கேட்டுத் திரும்பினார்.

"ஐயா, ஆளை நீக்கிறது கவர்னரா இருக்கிற தேசாதிபதியின்ர வேலையாம். சட்டத்தை மாத்திறது கொழும்புச் சட்டசபையின்ர வேலை. அடைச்சது சட்டப்படியோ எண்டு பாக்கிறது மட்டும்தான் தன்ர வேலையாம். மற்றதுக்குத் தனக்கு அதிகாரமில்லை எண்டுறார்."

அரசன் அமர்ந்த மண்டபத்தில் அமர்ந்துகொண்டு, ஒருவர் தமக்கு அதிகாரமில்லை என்கிறார்! நான் அண்ணன் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

திரும்பும்போது வண்டியில் மூன்று பேர். நானா அண்ணனைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"மேசை ஒண்டுதான். திங்கிற பீங்கான் வேற வேற போல."

பொழுது சாயும்போது எங்கள் தோட்டத்துப் பாதையில் ஏறினோம். இங்கே வேலை நேரம் வகுப்பவரும், குற்றம் பார்ப்பவரும், சம்பளத்தைப் பிடிப்பவரும் ஒரே துரை. கொலுமண்டபம் பதினாறு மைலுக்கு அப்பால். துரை பங்களாவைக் கடக்கும்போது அப்பாவின் கை வழக்கம்போலத் தலைப்பாகையை அவிழ்க்க உயர்ந்தது. அண்ணனைப் பார்த்தார். அவிழ்க்காமல், இன்னும் ஒரு சுற்று இறுக்கிக் கட்டிக்கொண்டார்.