மூன்றாம் நாள் சோறு

ரங்கூன் கப்பல் ஏறுகிறவர்களில் தண்டையார்பேட்டை கெங்கம்மாவின் புளிச்சோறு இல்லாமல் போகிறவர்கள் குறைவு. கப்பல் நாளன்று விடியும்போதே துறைமுகத்து வாசலில் கூடையை இறக்கிவிடுவாள். போய்ச் சேர மூன்று ராத்திரி ஆகும். அதுவரைக்கும் தன் சோறு தாங்கும் என்று அடித்துச் சொல்லுவாள். பேரம் பேசினால் கூடையை மூடிவிடுவாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷம் மாசியில் ஒருநாள், மர வியாபாரத்துக்காக ரங்கூன் போய்வரும் அப்துல் வஹாப் கப்பலை விட்டு இறங்கி நேரே அவளிடம் வந்தார்.

"கெங்கம்மா, போனவாட்டி நீ குட்த்த சோறு மூணா நாளு ஊசிப்பூட்ச்சி. அத்தினியும் கடல்ல கொட்னேன்."

வாங்க நின்ற நாலு பேர் கையை இழுத்துக்கொண்டார்கள்.

"என் சோறு ஊசாது பாய். நீ அத்த எங்க வெச்சே?"

"கப்பல்லதான். நீ இன்னா, கப்பல் ஏறிப் பாத்தியா?"

கெங்கம்மா கூடையை மூடினாள். அவள் கடலைக் கரையிலிருந்து பார்த்தவள்தான்.

வீட்டுக்கு வந்ததும், துறைமுகத்தில் நிலக்கரி சுமக்கும் கணவன் கிருஷ்ணப்பனிடம் சொன்னாள். "அடுத்த கப்பல்ல நான் ரங்கூன் போறேன்."

"அங்க நமக்கு யார் கீறாங்க?"

"யாரும் இல்ல. மூணா நாளு சோத்தத் துன்னு பாக்கணும்."

கிருஷ்ணப்பன் அவளை அறிந்தவன். "திரும்பி வர்றதுக்கும் சேத்துக் கட்டிக்கோ" என்றான்.

அதே கப்பலில் வஹாபும் வந்தார். மேல்தட்டில் கெங்கம்மாவுக்கு அடுத்து விரித்திருந்த பாய், ரங்கூனிலிருக்கும் புருஷனிடம் போகிற ஷரீஃபுன்னிசாவுடையது. முதல் நாள் கரை மறைந்ததும் கெங்கம்மா படுத்துவிட்டாள். மறுநாள் எழுந்து ஒரு சுற்று வந்தாள். வஹாபின் சோற்று மூட்டை ஓர் இரும்புச் சுவரை ஒட்டி இருந்தது. சுவரைத் தொட்டவள் வெடுக்கென்று கையை எடுத்தாள். அதற்குக் கீழேதான் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"இது சோறு வெக்கிற எடமா பாய்? அடுப்பு."

அவர் மூட்டையைக் காற்றோட்டத்துக்கு நகர்த்தினார்.

மூன்றாம் நாள் எல்லோர் முன்னாலும் தன் பொட்டலத்தைப் பிரித்தாள். புளிச்சோறு கட்டினபோது இருந்த நல்லெண்ணெய் மணத்தோடே இருந்தது. ஷரீஃபுன்னிசா இரண்டாம் தடவை கேட்டு வாங்கினாள். கூட வைத்திருந்த தேங்காய்த் துவையலைத் திறந்தபோதுதான் புளித்த நாற்றம் வந்தது. வஹாப் கெங்கம்மாவின் முகத்தைப் பார்த்தார். அவளே அதைக் கடலில் எறிந்தாள்.

"இரும்பாண்ட வெச்சது உன் தப்பு. தேங்கா வெச்சது என் தப்பு. இனிமே தேங்கா மொத நாளுக்குத்தான்."

ரங்கூனில் ஷரீஃபுன்னிசா வீட்டில் தங்கி, தூரத்திலிருந்து புத்தர் கோயிலின் பொன்கோபுரத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த கப்பலில் ஊர் திரும்பினாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொருவருக்கும் நாளுக்கு ஒன்றாக மூன்று பொட்டலம், மூன்று நிறத்து நூல். ரங்கூன் எவ்வளவு தூரம் என்று புதிதாகக் கப்பல் ஏறுகிறவர்கள் கேட்டால் விளக்கமாகவே சொல்லுவாள். "கரை மறஞ்சதும் வெள்ள நூலப் பிரி. சுத்தித் தண்ணியாவே இருக்கும்போது பச்ச. செவப்பப் பிரிக்கும்போது தண்ணி சேறா மாறும். ரங்கூன் ஆத்து வாய் வந்துட்ச்சின்னு அர்த்தம்."

கப்பலுக்குக் கப்பல் கூட்டம் கூடியது. ஒருநாள் சாயங்காலம் கிருஷ்ணப்பன் உடம்புக் கரியைக் கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"சிங்கப்பூருக்கு எத்தினி நாளு ஆவுது?"

"ஒரு வாரத்துக்கு மேல ஆவும். ஏன்?"

"அதுக்குப் புளிச்சோறு தாங்காது" என்றபடி, நாள்பட்டும் கெடாத மாவு இடிக்க அரிசியை வறுக்க உட்கார்ந்தாள்.