தொரை காய்ச்சிய பியரும் அப்பாவின் நாக்கும்

பியரை நான் முதன்முதலாகப் பார்த்த அன்று, எங்கள் குடும்பமே கப்பலேறப் பார்த்தது!

(மிகைப்படுத்தவில்லை. படியுங்கள்.)

எண்பதுகளின் தொடக்கம். இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அப்பா அங்கே டீமேக்கர். ஃபெக்டரியில் தேயிலை தூளாகி வெளியே வரும்வரை எல்லாம் அவர் பொறுப்பு. எனக்கு இருபது வயது.

எங்கள் பிரஜாவுரிமை விசாரணைக்கு நாள் குறித்திருந்தார்கள். இவர்கள் பிறந்து வளர்ந்ததெல்லாம் இந்தத் தோட்டத்தில்தான் என்று தோட்டத்து மேனேஜரான சிங்களத் தொரை ஒரு கடிதம் தர வேண்டும். தராவிட்டால் இந்தியா.

அப்பா இந்தியாவை வரைபடத்தில் மட்டும்தான் பார்த்திருந்தார்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பங்களாவுக்குப் போனோம். ஆங்கிலக் கடிதத்தில் பெயர்கள் சரியாக இருக்கின்றனவா என்று படித்துப் பார்க்க என்னையும் கூட்டிப்போனார்.

குசினி வாசலில் சமையல்கார மாரிமுத்து அண்ணன் தட்டைத் திண்ணையில் வைத்துக்கொண்டு நின்றார். தட்டில் தேநீர் ருசிபார்க்கும் இரண்டு வெள்ளைக் கோப்பைகள்.

"வாங்க டீமேக்கரய்யா, ஒங்களத்தான் தொரை தேடுறாரு. ரெண்டு மாசமா பியர் காய்ச்சுறாருங்க! சீமையில பழகிட்டு வந்த பழக்கமாம். போன வாரம் ஒரு போத்தல் வெடிச்சதுல வாச்சர் துப்பாக்கின்னு நெனச்சி ஓடியே போயிட்டான்."

சொல்லிக்கொண்டே என் கண்முன்தான் ஊற்றினார். இடது கோப்பைக்கு, கடையில் வாங்கிய, லேபல் ஒட்டிய போத்தல். தெளிந்த மஞ்சள். வலது கோப்பைக்கு, லேபல் இல்லாத போத்தல். மண்டி கலங்கிய பழுப்பு.

(இதைத்தான் இப்போது 'கிராஃப்ட் பியர்' என்று விலை கூட்டி விற்கிறார்கள்!)

அப்பா அதைக் கவனிக்கவில்லை. தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு முன்வாசலுக்குச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார்.

விறாந்தையில் தொரை. மாரிமுத்து அண்ணன் தட்டோடு வந்து பக்கத்தில் நின்றார். மேசைமேல் எங்கள் கடிதம் டைப் அடித்துத் தயாராக இருந்தது. கையெழுத்து மட்டும் இல்லை.

"டீமேக்கர், ஒங்க நாக்குதான் இந்தத் தோட்டத்துல பெரிய நாக்கு. இதுல ஒண்ணு கடை பியர், ஒண்ணு நான் செஞ்சது. எது என்னதுன்னு சொல்லுங்க பாப்போம்."

அப்பாவுக்கு வியர்த்துவிட்டது. சபையில் மதுவைத் தொடுவதில்லை என்று உறுதி எடுத்தவர்.

"தொரை, நான் குடிக்கிறதில்லீங்களே..."

"குடிக்க வேணாம். தேத்தண்ணி பாக்குற மாதிரி பாருங்க."

விழுங்கினால்தான் பாவம், துப்பினால் இல்லை (அப்பாவின் இறையியல்!). கரண்டியால் மொண்டு, சர்ரென்று உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, ரோஜாப் பாத்தியில் துப்பினார். வாயைக் கொப்பளித்துவிட்டு மற்றதையும் அப்படியே.

பிறகு அவர் முகம் தெளிந்தது. ஃபெக்டரியில் அந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன். தீர்ப்புச் சொல்லப்போகிற முகம்.

"இந்த இடதுபக்கம் ஒங்களோடது, தொரை!"

மாரிமுத்து அண்ணனின் தட்டு ஆடியது.

தொரை அசையவில்லை. "எப்படிச் சொல்றீங்க?"

"சுத்தமா இருக்குங்க. ஒரு பிழையில்ல. முந்தாநாத்துத் தூளும் இன்னிக்குத் தூளும் ஒரே மாதிரி வரணும், அதுதானுங்க கைதேர்ந்த வேலை. மத்தது யாரோ கத்துக்குட்டி செஞ்சது."

ஒவ்வொரு நாளும் ஒரே தூள் வருவதுதான் ஒரு டீமேக்கரின் பெருமை. இயந்திரம் ஆயிரக்கணக்கில் அடைத்த கடை பியரில் அப்பா தொரையின் கைப்பக்குவத்தைக் கண்டுவிட்டார்!

"கத்துக்குட்டியா?"

"ஆமாங்க. பெர்மண்டிங் கூடிப்போச்சு, ரொம்பப் புளிக்க விட்டுட்டான். அடுப்பு பக்கத்துல வெச்சிருக்கான். ஏனத்தையும் ஒழுங்கா கழுவல. மணம் என்னமோ நல்லா இருக்கு, கொஞ்சம் ஆரஞ்சுத் தோல் மாதிரி. ஆனா இவன ஃபெக்டரிக்குள்ள விட்டா தூளு நாசம்."

"அப்பா..." என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன்.

தொரை திரும்பி என்னைப் பார்த்தார். என் கண் குசினிப் பக்கம் போய்த் திரும்பியதையும் பார்த்தார்.

அவர் காதுகள் சிவந்திருந்தன. பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். மறுபடியும் மூடினார்.

கடிதத்தைக் கிழித்துப் போட்டால்? யாரிடம் போய்க் கேட்பது? தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஏற்கெனவே நான்கு குடும்பங்கள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தன. தம்பியின் பள்ளிக்கூடம், அம்மாவின் மருந்து, என் புத்தகங்கள்... பெட்டியில் எதை வைப்பது என்று அந்த நிமிடத்திலேயே யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

"சரி, டீமேக்கர்," என்றார் தொரை. "இடதுபக்கந்தான் என்னுது."

மாரிமுத்து அண்ணன் கூரையைப் பார்த்தார்.

அப்பா பூரித்துப்போனார். "நான் சொன்னேன்ல தொரை!"

கையெழுத்து விழுந்தது. ஆனால் தொரை கடிதத்தை அப்பாவிடம் கொடுக்கவில்லை. என்னிடம் நீட்டினார். நான் பிடித்த பிறகும் மறுமுனையை விடவில்லை.

"துவ," என்றார். சிங்களத்தில் மகளே என்று அர்த்தம். அவ்வளவு மென்மையான குரலில் நான் பயந்ததே இல்லை. "நீங்க படிச்ச புள்ள. கூடுதலா பேச மாட்டீங்கதானே?"

"பேச மாட்டேன், சார்."

கடிதத்தை விட்டார்.

இறக்கத்தில் அப்பா துள்ளிக்கொண்டு நடந்தார். "பாத்தியா? பியரத் தொட்டதே இல்ல, ஆனா கரெக்டா சொன்னேன் பாரு!"

"ஆமாங்கப்பா."

பிரஜாவுரிமை வர ஒன்றரை வருடமானது. அந்த ஒன்றரை வருடமும், பங்களாவிலிருந்து யார் வந்து அப்பாவைக் கூப்பிட்டாலும் எதற்கு என்று முதலில் நான்தான் கேட்பேன். ஃபெக்டரிக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவர் அந்த வெற்றிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

அப்பா போய்ப் பல வருடங்கள். கடைசிவரை அவரிடம் சொல்லவில்லை.

நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா?