காய்க்காத ஹொல்லி

ஒக்லாந்தின் லின்ஃபீல்டில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் முன்வளவில் இரண்டு ஹொல்லிச் செடிகள் நின்றன. கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டைகளில் வரும் அதே செடி. விளிம்பெல்லாம் முள், எண்ணெய் பூசியதுபோல மினுங்கும் இலை, எந்தக் காலத்திலும் பச்சை. இங்கே அதன் பழம் சிவப்பது கிறிஸ்மஸில் அல்ல, குளிர் தொடங்கும் ஜூனில். வீட்டுச் சொந்தக்காரி வயதான வெள்ளைக்காரப் பெண். செடிகளை நட்டவர் காலமான அவருடைய கணவர். ஒவ்வொரு ஜூனிலும் பழத்தோடு இரண்டு கொப்பு வெட்டிக் கணவரின் கல்லறைக்குக் கொண்டுபோவார்.

என் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்வதில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஐந்து மணிநேரம், வீட்டிலேயே டயாலிசிஸ் இயந்திரத்தில் இருக்கிறாள். அதற்குத் தனித் தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் வேண்டும். சுவரைத் துளைக்க வேண்டும் என்றதும் மற்ற வீட்டுக்காரர்கள் எல்லோரும் மறுத்தார்கள். இவர் மட்டும் சம்மதித்தார். பதிலுக்குக் கேட்டது ஒன்றுதான்: ஹொல்லிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பார்த்துக்கொண்டேன். ஒக்லாந்தின் களிமண்ணில் தண்ணீர் தேங்காமல் சிறு வாய்க்கால் வெட்டினேன். தண்டில் முட்டாமல் மரப்பட்டைத் தூள் பரப்பினேன். உதிர்ந்த இலைகளைத் தடித்த கையுறை போட்டுப் பொறுக்கினேன். காய்ந்த இலைதான் கூடக் குத்தும். ஒரு செடி குலைகுலையாகப் பழுத்தது. மற்றது நாங்கள் வந்த இரண்டு வருடமும் பூத்ததே தவிர ஒரு காய் பிடிக்கவில்லை. போதாததற்குக் கொப்பை நீட்டிப் பழுக்கிற செடியின் வெயிலையும் மறைத்தது.

யாழ்ப்பாணத்தில் பூத்தும் காய்க்காத பப்பாசியை ஆண் என்று சொல்லித் தறித்துவிடுவோம். மற்ற மரங்கள் அதற்குப் பிறகும் காய்க்கும், ஏனென்றால் வேலிக்கு அப்பால் எங்கேயாவது இன்னொரு ஆண் நிற்கும். அந்தப் பின்பாதி எனக்கு ஞாபகம் வரவில்லை. பத்திரிகையில் இருந்த காலத்தில் ஒருவர் சொன்னதை மட்டும் வைத்து நான் ஒரு செய்தியும் போட்டதில்லை. இந்தச் செடியைப் பற்றி ஒருவரிடமும் கேட்கவில்லை. ஆகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் தரையோடு வெட்டினேன்.

அக்டோபரில் மிஞ்சிய செடி பூத்தபோது மகள் ஃபோனில் தேடிப் பார்த்தாள்.

"அப்பா, யூ கட் த மேல் ஒன். ஆண் இல்லாட்டி நோ பெரீஸ்."

"பக்கத்து வளவுகளில நிக்கும்."

"கோ அண்ட் லுக்."

நான்கு தெரு நடந்தேன். கமேலியா நின்றது, எலுமிச்சை நின்றது, ஹொல்லி இல்லை. நர்சரியில் ஆண் கன்று இருந்தது. பூக்கச் சில வருடம் எடுக்கும் என்றார்கள். கடைசியில் ஒடாஹுஹுவில் ஒரு பழைய தேவாலயத்தின் மதிலோரம் ஒரு ஆண் ஹொல்லியைக் கண்டேன். சின்ன வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள் மகரந்தம். யாரும் பார்க்காத நேரம் நான்கு கொப்பு ஒடித்தேன். வாளித் தண்ணீரில் அவற்றை வைத்து எங்கள் செடிக்குப் பக்கத்தில் வைத்தேன். மிச்சத்தைத் தேனீக்கள் செய்ய வேண்டும்.

அடுத்த நாள் மழை. ஐந்து நாள் விடவில்லை. ஒரு தேனீயும் வரவில்லை. ஆறாம் நாள் மழையோடு பூ உதிரத் தொடங்கியது. மகளின் படம் கீறும் தூரிகையை எடுத்துக்கொண்டு மழைக்கோட்டோடு ஏணியில் ஏறி, வாளிக் கொப்பின் மகரந்தத்தை எங்கள் செடியின் ஒவ்வொரு பூவிலும் தொட்டு வைத்தேன். மகரந்தம் கூழாகித் தூரிகையிலேயே ஒட்டியது.

இயந்திரத்தில் இருந்தபடி மனைவி திறந்த ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சாருங்கோ, பூவுக்குக் கலியாணம் செய்து வைக்கிறியளோ?"

"பகிடி விடாதையும். பழம் இல்லாட்டி அந்த மனுசி கேக்கும்."

"கேக்க முதல் நீங்களே சொல்லுங்கோ, ஓம், பிழை விட்டிட்டன் எண்டு. கொல்லவே போறா?"

"வீட்டை விட்டு எழும்பச் சொன்னா? உந்த மெசினோட எங்க போறது?"

நான் தொடாத பூக்களைத் தேடினேன்.

நவம்பர் முடிவில் கொப்பு கொப்பாகப் பார்த்தேன். பூ இருந்த இடங்களில் ஒரு பச்சை மணிகூட இல்லை. அன்றே சொந்தக்காரிக்குத் தொலைபேசியில் சொன்னேன். சனிக்கிழமை வந்தார். அடிக்கட்டையின் முன்னால் நின்று சப்பாத்து நுனியால் அதைத் தட்டிப் பார்த்தார்.

"சோடியாக நிற்க வேண்டும் என்று அவர் எப்போதும் சொல்வார். அது எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்தேன்," என்றார் ஆங்கிலத்தில். குரலில் கோபம் இல்லை. உள்ளே வந்து மனைவியிடம் வழக்கம்போலச் சுகம் விசாரித்தார். போகும்போது வாசலில் சொன்னார்: "வருட ஒப்பந்தம் பிப்ரவரியில் முடிகிறது. அதற்குப் பிறகு மாதத்துக்கு மாதம் பார்ப்போம்."

அப்படியென்றால் எந்த மாதமும் எழும்பச் சொல்லலாம். அன்று பின்னேரமே வாடகை விளம்பரங்களைத் திறந்தேன். சுவரைத் துளைக்க வேண்டும் என்ற வரியை விண்ணப்பக் கடிதங்களில் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சிலவற்றில் முதலில் வைத்தேன். சிலவற்றில் கடைசியில், நன்றிக்கு முன்னால் வைத்தேன். இன்றுவரை ஒருவரும் பதில் போடவில்லை.