பிந்தி வந்த குரல்

போர் நின்றிருந்த சமாதான காலத்தில் அண்ணன் பாரிஸிலிருந்து ஒரு கணினியும் ஒலிப்பதிவுப் பெட்டியும் அனுப்பினார். ஊர்காவற்றுறையில் அதெல்லாம் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்ற திமிர் எனக்கு. எங்கள் வீட்டு அறையிலேயே தவக்காலப் பாடல்களைப் பதிவு செய்யக் கோயில் பாடகர் குழுவை அழைத்தேன். இருபது வருடமாகக் கோயிலில் பாடும் திரேசம்மா அக்கா ஹெட்போனை மாட்டியதும் ஒவ்வொரு அடியிலும் தாளத்துக்குப் பிந்தினார். ஏழாவது முறை என் பொறுமை போய்விட்டது.

"அக்கா, உங்களுக்குத் தாளமே இல்லை. இவ்வளவு காலமும் கோயிலில எப்பிடிப் பாடினியள்?"

குழு முழுவதும் சிரித்தது. அவர் ஹெட்போனைக் கழற்றி மேசையில் மெதுவாக வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் நானே பாடிப் பார்த்தேன். நானும் பிந்தினேன். பாடுகிறவரின் குரலைக் கணினி கால் நொடி தாமதித்தே அவர் காதுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. மென்பொருளில் ஓர் எண்ணைக் குறைத்தேன், சரியாகிவிட்டது. வேறொரு பெண்ணைப் பாடவைத்துப் பதிவை முடித்தேன். எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள்.

பெரிய வெள்ளியன்று கோயிலில் அக்கா கடைசி வாங்கில் உட்கார்ந்து, பாட்டுக்கு வாய் திறக்காமல் இருந்தார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தார்.

"நீர் சொன்னது நல்லதாப் போச்சு, தம்பி. இல்லாட்டி இன்னும் வெக்கமில்லாமல் பாடிக்கொண்டிருந்திருப்பன்."

உண்மையைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓம் அக்கா" என்றேன்.