முதுகு தூக்கிய கை

மூன்றாம் படிவத்தோடு பள்ளிப் படிப்பை நிறுத்தியவள் உடம்பைப் பற்றி எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறவள் நான். பொறுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குப் பேசாமல் விட்டது உறுத்துவதால் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் ஈப்போவில் ஒரு கிடங்கில் பெட்டி தூக்குகிறார். வலது தோளில் தசைநார் கிழிந்துவிட்டது. டாக்டர் கடிதம் கொடுத்தால்தான் லேசான வேலைக்கு மாற்றுவோம் என்றார்கள் கிடங்கில்.

ஆஸ்பத்திரியில் அவருக்குப் பயிற்சி கொடுத்த தமிழ்ப் பெண்தான் எனக்கு விளக்கினாள். குடலில் இருக்கும் தசை யாரையும் கேட்காமல் சோற்றை நகர்த்துமாம். இதயத் தசைக்கும் நம் உத்தரவு வேண்டாம். அது ஓயவும் ஓயாது. எலும்பில் ஒட்டிய தசைதான் நாம் சொன்னால் கேட்கும். அதற்கும் இழுக்க மட்டுமே தெரியும். கையை மடக்க ஒன்று, நீட்ட இன்னொன்று.

“அண்ணே ஏமாத்துறாரு அக்கா,” என்று சிரித்தாள். “தோளு தூக்கல. கழுத்தும் முதுகும் சேந்து தூக்கிக் குடுக்குது. இப்படியே போனா மிச்ச நாரும் போயிரும். டாக்டர் கையத் தூக்கச் சொன்னா, வலிக்கிற எடத்துலயே அண்ணன நிறுத்தச் சொல்லுங்க.”

டாக்டரைப் பார்க்கும் நாளில் வழியெல்லாம் சொன்னேன்.

“ஏங்க, வலிச்சா நிறுத்திருங்க.”

“தெரியும்லா. நீ என்ன டாக்டருக்கா படிச்ச?”

அவர் கோப்பெங் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்து, அங்கேயே பட்டை சீவிப் பால் மரம் வெட்டியவர். விடியற்காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும் வரிசையில், பெயர் கூப்பிடும்போது முடியவில்லை என்று நின்றவருக்கு அன்று வேலை கிடையாது. காய்ச்சலிலும் நிமிர்ந்து நிற்கப் பழகிய உடம்பு. ரப்பரை அழித்துத் தோட்டம் செம்பனையாகிப் பல வருடமாயிற்று. அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை.

டாக்டர் இளைஞர், மலாய்க்காரர். “கையைத் தூக்க முடியுமா, பாக்சிக்?” என்று மலாயில் கேட்டார். பாக்சிக் என்றால் பெரியவரை மாமா என்பதுபோல.

“போலே, டாக்டர், போலே!” முடியும் முடியும் என்று இவர் எழுந்தே நின்றுவிட்டார். உடம்பை இடப்பக்கம் சாய்த்து, பல்லைக் கடித்துக் கையைக் காதுவரை கொண்டுபோனார். நெற்றியெல்லாம் வியர்வை. கணினியில் தட்டிக்கொண்டிருந்த டாக்டர் திரும்பியபோது கை மேலே இருந்தது. நல்லது என்று தலையாட்டி, கடிதத்தை அச்சிட்டுக் கொடுத்தார்.

அது தோள் இல்லை, முதுகு என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நாக்கும் நாம் சொன்னால் கேட்கிற தசைதான். அசையவில்லை.

“பாத்தியா, எப்படித் தூக்கினேன்!” என்றார் வெளியே வந்து.

“பாத்தேன். பெட்டியையும் அப்படியே தூக்குங்க.”

கடிதத்தை என்னிடம் நீட்டினார். வழக்கமான வேலையைச் செய்யலாம் என்று இருந்தது.

மறுநாள் ஏழு மணி ஷிப்டுக்குப் போனார். பெட்டி தூக்கும் பகுதியிலேயே போட்டார்கள்.